கம்ப்யூட்டருக்கு நான் போடச் சொன்ன உறை

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாற்பது வயது இருக்கும். மடியில் பெரிய பொட்டலம், அதைச் சுற்றிக் கட்டம் போட்ட லுங்கித் துணி. கையில் ஒரு பேப்பர் கட்டிங்.

கட்டிங்கைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தப் பத்திதான்! வெட்டி, மடித்து, பத்திரமாக வைத்திருக்கிறாள். வாரா வாரம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"நீங்கதானே இத எழுதுனது?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து நின்றுகொண்டு.

"நீங்க சொன்னபடிதாங்க செஞ்சேன். இப்ப என் வேலை போவப் போவுது."

நிமிர்ந்த முதுகு தானாக வளைந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

பெயர் கோமதி. பொதட்டூர்பேட்டை. வீட்டு முன்கட்டில் இரண்டு பவர்லூம் ஓடுகிறது, ஓட்டுவது கணவர். பொட்டலத்துக்குள் இருந்தது அவளுடைய கம்ப்யூட்டரின் சி.பி.யு. அன்றைக்கு எங்கள் ஊர் மலைக்கோயிலில் கிருத்திகை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. "துணியில சுத்தி மடியில வெச்சிகினு வந்தனா... ஏதோ வேண்டுதல்னு நெனச்சிகினு எழுந்து எடம் விட்டாங்கக்கா" என்றாள். சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

கட்டிங்கை வாங்கிப் படித்தேன். போன வருஷம் நான் எழுதியதுதான். ஒரு கல்யாணத்துக்காகப் பொதட்டூர்பேட்டை போயிருந்தபோது, ஒரு வீட்டில் கீபோர்டு மேல் பஞ்சு படிந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, பெரிய மேதாவி மாதிரி எழுதியிருக்கிறேன்: தறி ஓடும் வீடுகளில் கம்ப்யூட்டரைத் திறந்து போடாதீர்கள், நல்லதாக ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள்.

வேலை செய்யும்போது உறையைக் கழற்றிவிடுங்கள் என்று எழுதினேனா? இல்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்திருப்பேன்.

பொதட்டூர்பேட்டைக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஊரில் துணிக்குப் பஞ்சமில்லை. டி.வி.க்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட உறை. பொருள் ஓடினாலும் உறை அதன்மேலேயே இருக்கும். கோமதி தைத்த உறையைப் பார்த்தேன். சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. அளவெடுத்து, விளிம்பு மடித்து, ஒயர்கள் வெளியே வரச் சின்னச் சின்ன வெட்டு விட்டு, பவர் பட்டனுக்குச் சட்டைக்கு எடுப்பது போலக் காஜா எடுத்துத் தைத்திருக்கிறாள். காஜா வழியாகவே ஆன், காஜா வழியாகவே ஆஃப். ஒரு வருஷமாக அந்த மெஷின் சட்டையைக் கழற்றியதே இல்லை.

அப்புறம் என்ன ஆகும்? ஓடிக்கொண்டே இருக்கும்போது பொசுக்கென்று அணையும். சில சமயம் தானாகவே மறுபடி எழும். அதாவது ரீஸ்டார்ட்.

"அணைஞ்சா மறுபடியும் போட்டுக்கலாமே" என்றேன்.

"அது முடியாதுக்கா" என்று விஷயத்தைச் சொன்னாள்.

கோமதி நகரியில் பிறந்தவள். அம்மா வீட்டில் தெலுங்கு, வந்த வீட்டில் தமிழ். சென்னையில் ஒரு கம்பெனி தெலுங்கு சீரியல்களைத் தமிழில் டப் செய்கிறது. அதற்கு வசனம் மாற்றி எழுதுவது இவள் வேலை, வீட்டிலிருந்தே. வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் லைவாக உட்கார வேண்டும். அந்தப் பக்கம் சூப்பர்வைசர், நடுவில் வீடியோ. உதடு அசைகிற நேரத்துக்குள் வசனம் அடங்குகிறதா என்று வரிவரியாகப் பார்த்து, அங்கேயே மாற்றித் தர வேண்டும்.

அந்த லைவில் இரண்டு முறை மெஷின் அணைந்துவிட்டது. இன்னொரு முறை அணைந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எழுத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த லைவ் புதன்கிழமை.

"ரெண்டு பாஷையும் எங்க தெருவுல எல்லாருக்கும் வரும்க்கா. அதுக்குன்னு ஒருத்தரு வேலை குடுப்பாங்கன்னு யாரு நெனச்சாங்க? எனக்குக் குடுத்தாங்க. இது போச்சுன்னா மறுபடியும் தார் சுத்தத்தான் ஒக்காரணும்."

தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பதைத்தான் தார் சுற்றுவது என்பார்கள். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை அவள். தனக்கென்று கிடைத்த ஒன்று போகிறதே என்றுதான் சொன்னாள். போகவைத்தது யார்? இந்தப் பத்தி.

"கடையில காட்டினாயா?"

"ஆங், காட்னேன். போர்டு போச்சு, புச்சு வாங்கிக்கோன்றாங்க. கம்பெனியிலயும் புச்சு வாங்குன்றாங்க. பாவாவும் அதத்தான் சொல்றாரு."

பாவா என்றால் கணவர். அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள்.

என் வீட்டுக்காரரும் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "புதுசே வாங்கச் சொல்லேன், உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றார்.

வாசகர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். தூக்கிப் போடு என்று யாராவது சொன்னால் எனக்கு வீம்பு வந்துவிடும். அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது, "உங்களுக்கெல்லாம் இது வராதும்மா" என்று ஒருத்தர் சொன்னார். அவருடைய மெஷின் மக்கர் செய்தபோது யாரைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறீர்கள்? ஓய்வு பெறுகிற வரைக்கும் என்னைத்தான். ஆகவே... ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கடையில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. "எப்ப அணையுது?"

கோமதிக்குத் தெரிந்திருந்தது. யாராவது கேட்டால்தானே சொல்வாள்? "போட்டவுடனே அணையாதுக்கா. முக்கா மணி நேரம் நல்லா ஓடிகினே இருக்கும். அப்பறம் போயிடும். ஒடனே போட்டா அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் போயிடும். ஒரு மணி நேரம் உட்டுட்டுப் போட்டா மறுபடியும் முக்கா மணி நேரம்."

இது கரண்ட் கோளாறு இல்லை, சூடு. ஆறவிட்டால் ஓடுகிறது, ஆறாவிட்டால் அணைகிறது. மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைகிறது. அதைப் போய் செத்துவிட்டது என்கிறார்கள்!

ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் ஃபேன் தெரியவில்லை. பஞ்சுதான் தெரிந்தது. மெரூன், பச்சை, நீலம்... அந்த வருஷம் அந்தத் தறியில் என்னென்ன கலர் ஓடியதோ அத்தனையும் அடுக்கடுக்காக. உறை வெளித் தூசியைத் தடுத்ததோ இல்லையோ, உள்ளே போனதை வெளியே விடவில்லை. சூட்டையும் விடவில்லை. ஃபேனுக்கும் அதன் அடியிலிருந்த தகடுகளுக்கும் நடுவில் சிக்கியிருந்ததை நகத்தால் நெம்பினேன். கைக்குட்டை மாதிரி முழுசாக வந்தது.

"பாவா பாத்தா இதையும் மடிச்சி வித்துடுவாரு" என்றாள் கோமதி. அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள்.

புது பெயின்ட் பிரஷ் ஒன்று வீட்டில் இருந்தது. ஃபேன் சுற்றிவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மூலைமுடுக்கெல்லாம் தட்டித் துடைத்தோம். என் மானிட்டரில் மாட்டிப் போட்டோம். முக்கால் மணி தாண்டியது. ஒரு மணி, ஒன்றரை மணி... அணையவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கோமதி கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். நீங்களும் செய்துவையுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' என்ற பகுதிக்குப் போனால் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். சூட்டில் அணைந்தால் மெஷின் எதுவும் சொல்லாது. வேறு கோளாறில் விழுந்தால், ஏன் விழுந்தேன் என்று நீலத் திரையில் எழுதிக் காட்டும். அந்த டிக் இருந்தால், நாம் படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அது சொல்லவந்ததை முழுசாகச் சொல்லவிட வேண்டாமா?

எடுத்துவிட்டது நல்லதாகப் போயிற்று. திங்கட்கிழமை மத்தியானம் போனில் ஒரு போட்டோ வந்தது. நீலத் திரை. கீழே கோமதியின் குரல்: "ரெண்டு மணி நேரம் ஓடுச்சுக்கா. இன்னா எழுதிகீதுன்னு தெரியல. பயமா கீது."

எனக்கும்தான். வீம்பு பிடித்து இன்னொருத்தி பிழைப்போடு விளையாடுகிறேனோ என்று தோன்றியது. வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திரையின் அடியில் ஒரு ஃபைலின் பெயர் இருந்தது. தேடிப் பார்த்தால் அது ஒரு ஆன்டி வைரஸின் ஃபைல். செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாகப் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால், அந்த மெஷினில் இரண்டு ஆன்டி வைரஸ். கம்ப்யூட்டர் வாங்கியபோது ஒரு மெக்கானிக் ஒன்று போட்டிருக்கிறார். இரண்டாமவர் வந்தபோது, இருப்பதைப் பார்க்காமல் இன்னொன்று போட்டிருக்கிறார். ஒவ்வொரு ஃபைலையும் நான் பார்க்கிறேன், நான் பார்க்கிறேன் என்று இரண்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் மெஷின் என்ன செய்யும்? ஒன்றை அன்இன்ஸ்டால் செய்தேன். ஒன்றை வைத்துக்கொண்டேன். ஒன்று கட்டாயம் வேண்டும்.

"யாரோ போட்டாங்க, எடுத்தா எதனா ஆயிடுமோன்னு உட்டுட்டேன்க்கா" என்றாள்.

இதுதான்... இதுதான் நம் எல்லாருக்கும் உள்ள வியாதி. யாரோ போட்டது, நமக்கெதுக்கு. கேட்டால் ஓகே, கேட்டால் நெக்ஸ்ட், மறுபடி ஓகே. முன்பின் தெரியாத ஒரு சாஃப்ட்வேருக்கு நாம் காட்டுகிற மரியாதையைச் சொந்த உடம்புக்குக் காட்டுகிறோமா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பட்டியலைத் திறந்தேன். மெஷினைப் போட்டவுடன், யாரும் கூப்பிடாமலே எழுந்து உட்காருகிற ஆட்களின் பட்டியல் அது. கோமதியின் மெஷினில் பத்தொன்பது பேர்! எப்போதோ தங்கைக்குக் கொடுத்துவிட்ட பிரின்டருக்கு ஒரு உதவியாளர், இன்னும் வேலையில் இருக்கிறார். மகள் ஒரே ஒரு நாள் விளையாடிய கேம். பாட்டுக் கேட்க ஒன்று. எதையோ அப்டேட் செய்வதற்காக ஒன்று, அதை அப்டேட் செய்ய இன்னொன்று. வரிசையாக டிஸேபிள் கொடுத்தேன். பயப்படாதீர்கள், டிஸேபிள் செய்தால் சாஃப்ட்வேர் அழியாது. தானாக எழாது, அவ்வளவுதான். வேண்டுமென்றால் நாம் கூப்பிட்டுக்கொள்ளலாம். என்னவென்று தெரியாத பெயரை மட்டும் தேடிப் படித்துவிட்டுத் தொடுங்கள். ஆன்டி வைரஸையும், தமிழ், தெலுங்கு டைப் செய்யும் சாஃப்ட்வேரையும் நான் தொடவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அதன் எதிரில்தான் 'ஹை' என்று போட்டிருந்தது. அதாவது எல்லாரையும்விட அதிகமாக மெஷினை வாட்டுகிற ஆள்.

இது என்னவென்று கேட்க வாயெடுத்தேன். திரையின் மூலையில் ஒரு பெட்டி குதித்தது. ஆங்கிலத்தில். உங்கள் கேமராவில் அறிமுகமில்லாத நபர் தெரிகிறார், விளக்கம் தரவும்.

அறிமுகமில்லாத நபர் நான்தான்.

மானிட்டர் தலையில் ஒரு கேமரா சொருகியிருந்தது. கம்பெனி அனுப்பியதாம். கூடவே இந்த சாஃப்ட்வேரும். திரையையும் ஆளையும் படம் பிடித்துப் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். மணி அப்போது எட்டரை. கோமதியின் வேலை பத்து மணிக்குத்தான் ஆரம்பம். அவள் பாஸ்வேர்டு போட்டதைத் தவிர ஒன்றையும் திறக்கவில்லை. பின்னால் கொடியில் ஈரத்துணி காய்கிறது. மகள் தலை பின்னிக்கொண்டு நிற்கிறாள். எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது!

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

"அதுல மட்டும் கை வெக்காதீங்கக்கா" என்றாள் கோமதி. குரல் இறங்கிவிட்டது. "அது அணைஞ்சிகினு இருந்தா வேலைக்கு வரலைன்னு காட்டுமாம்."

"சேரும்போது கையெழுத்து போட்டாயே, அந்தக் காகிதம் எங்கே?"

பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. அதற்கும் ஒரு துணி உறை. இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். நான் ஆங்கிலத்தில் வாசிக்க, அவள் அவளுக்கே உரிய வழக்கத்தில் ஒவ்வொரு வரியையும் மெல்லத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் இரண்டு பேரும் நின்றோம். கண்காணிப்பு சாஃப்ட்வேர் வேலை நேரத்தில் இயங்க வேண்டும்.

"வேலை நேரத்துல" என்றாள் கோமதி. திரும்பவும் ஒரு தடவை சொன்னாள். முன்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் தொடமாட்டேன். மெஷினும் உன்னுடையது, வேலையும் உன்னுடையது" என்றேன். அது வீம்பில்லை. அந்த இடத்தில் வீம்பு பிடிக்க எனக்கு உரிமை இல்லை.

வாசலில் அவள் கணவர் வந்து நின்றார். "வாணாம்மே. நாளைக்கு லைவு. முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

"அப்பறம்னா எப்ப பாவா?" என்றாள் கோமதி. "காலையில நான் தல சீவறத எவனோ பாத்துகினு கீறான். அது ஓடறதாலதான் மெஷினும் சூடாவுது. அதே மெஷின் அணைஞ்சா என்னிய வேலையவிட்டுத் தூக்குவாங்களாம். இன்னா நியாயம் இது?"

மவுஸை என் கையிலிருந்து வாங்கினாள். டிஸேபிள்.

அவர் போய் ஸ்டேபிலைசர் ஒயர் சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பினார்.

புதன்கிழமை பத்திலிருந்து ஒன்று வரைக்கும் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டேன். போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றே காலுக்கு மணியடித்தது.

"அக்கா, அணையல."

அப்புறம்தான் மற்றதைச் சொன்னாள். லைவ் ஆரம்பிக்கும்போதே சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார், நேற்று சாயந்திரத்திலிருந்து இன்றைக்குக் காலை வரை உங்கள் சிஸ்டம் எங்களுக்குத் தெரியவில்லையே, ஏன் என்று.

"நீ என்ன சொன்னே?"

"பத்து மணிக்கு நானே தொறந்தேன் சார், வேலை முடிஞ்சதும் நானே மூடுவேன். காகிதத்துல வேலை நேரம்னுதான் போட்டுகீது. அதுக்கு மேல வேணும்னா அந்த நேரத்தையும் வேலை நேரமாப் போட்டுக் குடுங்கன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அந்தக் காகிதத்த எடுத்துப் பாத்தாருக்கா. அப்பறம், ஓகே மேடம், ஸ்டார்ட் பண்ணலாம்னாரு. அடுத்த வாரத்து எபிசோடும் இப்பதான் மெயில்ல வந்துச்சு."

போனை வைத்துவிட்டு, நான் என்னுடைய ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்தேன். மெஷினில் இல்லை, மனசில். கண் விழித்தவுடன் எழுந்து நிற்கிறவர்கள் யார் யார்? பூப்படத்தோடு குட்மார்னிங் போடுகிற நாலு குரூப். எப்போதோ என்னை ஒரு வார்த்தை சொன்ன ஒரு சொந்தக்காரி, தினமும் பல் தேய்க்கும்போது ஞாபகத்துக்கு வருவாள். யாரைக் கேட்டு இவர்களெல்லாம் என் காலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். ஏன் போனாய் என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் பதில் போடவில்லை. சொந்தக்காரிக்கு டிஸேபிள் பட்டன் எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று கோமதியிடமிருந்து இன்னொரு போட்டோ வந்தது. சி.பி.யு. இப்போது சட்டையில்லாமல், தறிக் கட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு ஸ்டூலின் மேல் காற்றாட இருக்கிறது. பஞ்சு படிந்தால் படியட்டும், வாரம் ஒரு முறை பிரஷ் போடுகிறாளாம்.

அப்படியென்றால் அந்த உறை? வெட்டிவிட்டாள். காஜா இருந்த துண்டை மட்டும் அளவாக வெட்டி, ஒரு பட்டன் வைத்து, மானிட்டர் தலையில் இருக்கிற கேமராவுக்கு மாட்டியிருக்கிறாள். பத்து மணிக்கு பட்டனைக் கழற்றுவாள். வேலை முடிந்ததும் போட்டுவிடுவாள்.

ஆகவே, துணி உறை தைத்துப் போடுங்கள் என்று போன வருஷம் எழுதியதை நான் வாபஸ் வாங்குவதாக இல்லை — போடுகிற இடத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.